பறப்பதற்கு யாருக்கு வசதி?

“விரலுக்குத் தக்க வீக்கம்” என்று சொல்லித்தான் எமது பெற்றோர் எம்மை வளர்த்தார்கள். வரவை மிஞ்சிய செலவு ஆகாது என்பதே அதன் பொருள். கணக்காளர் தொழில் செய்து சீவிக்கும் எமக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் விரலையும் வீக்கத்தையும் உண்மையில் அளந்து பார்த்துத்தான் பேசுகிறோமா, அல்லது அளக்காமலே “இது எங்களுக்குச் சரிவராது” என்று சொல்லிவிடுகிறோமா என்ற ஐயம் கடந்த ஓராண்டாக எம்மை விட்டபாடில்லை. அந்த ஐயம் எழுந்த கதையை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எம்மிடம் ஆண்டுதோறும் கணக்கு முடிக்க வருபவர்களுள் ஆங்கிலேயர் ஒருவர் இருக்கிறார். குழாய் வேலையும், வீடுகளில் வெப்பமூட்டி திருத்தும் வேலையும் செய்பவர். அவருடைய வருமானம் எமக்குச் சதம் வரை தெரியும். எமது ஆலயத்துக்கு வரும் பல குடும்பங்களின் வருமானத்திலும் அது குறைவு. வேலைக்குப் போகும் வாகனம் பதினான்கு வருடப் பழையது. கடந்த தை மாதம், வரிப் படிவம் அனுப்பும் கடைசி நாள் நெருங்கிய நேரத்தில், வழக்கம்போல் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் பற்றுச்சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். அவற்றுள் ஓர் எரிபொருள் பற்றுச்சீட்டில் சிறிய விமானத்தளம் ஒன்றின் பெயர் இருந்தது. “இது வாகனத்துக்கோ?” என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். “இல்லை, அது எனது விமானத்துக்கு. தவறுதலாக வந்துவிட்டது. என் சந்தோஷத்துக்கு அரசாங்கம் ஏன் வரிச்சலுகை தரவேண்டும்?” என்றார்.

எமக்கு முதலில் தோன்றியது வியப்பு அல்ல, சந்தேகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எமக்குக் காட்டாத வருமானம் ஏதும் இவருக்கு உண்டோ என்று எண்ணினோம். சொந்த விமானம் என்றால் கோடீசுவரர்களின் சமாச்சாரம் என்பதே எமது எண்ணம். அவர் எமது முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார் போலும். ஒரு தாளை இழுத்துக் கணக்கை எழுதிக் காட்டினார். பெயர் குறிப்பிடாமல் எழுத அவரிடம் அனுமதியும் பெற்றிருக்கிறோம்.

அவருடைய விமானம் 1970களில் செய்யப்பட்ட, நான்கு பேர் இருக்கக்கூடிய ஒற்றை இயந்திர விமானம். இவ்வகை விமானங்கள் ஒழுங்காகப் பராமரித்தால் ஐம்பது வருடமும் பறக்கும். அமெரிக்காவில் 1970களின் இறுதியில் ஆண்டுக்குப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் செய்யப்பட்டன. 1980களில் அத்தொழில் படுத்துவிட்டது. எனவே இன்று சாதாரண மக்கள் ஓட்டுபவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பழைய விமானங்களே. அவருடைய விமானத்தின் பெறுமதி சுமார் 40,000 பவுண். அதில் அவருக்கு உரியது பத்தில் ஒரு பங்கு மட்டும், அதாவது 4,000 பவுண். கொட்டகை வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை என்று பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் நிலையான செலவு ஆண்டுக்கு 9,000 பவுண். பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 75 பவுண். பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எரிபொருளும் இயந்திர நிதியும் சேர்த்து 110 பவுண். இயந்திர நிதி என்பது எம்மைப் போன்ற கணக்காளர் மனம் குளிரும் விடயம். இந்த வகை இயந்திரத்தைச் சுமார் 2,000 மணித்தியாலம் ஓடியபின் பிரித்துப் புதுக்க வேண்டும். அந்தப் பெரிய செலவுக்காக ஒவ்வொரு மணித்தியாலமும் சிறிது சிறிதாக ஒதுக்கி வைக்கிறார்கள். பெறுமானத் தேய்வை இவ்வளவு ஒழுங்காகப் பதியும் கம்பனிகளே குறைவு.

ஆண்டுக்கு இருபது மணித்தியாலம் பறந்தால் மொத்தச் செலவு 3,100 பவுண். கிழமைக்கு அறுபது பவுண் அளவில் வரும். நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைப்பவர் இந்நாட்டில் இன்று ஆண்டுக்கு 5,000 பவுணுக்கு மேல் செலவிடுகிறார். இதே விமானத்தை ஒருவர் தனியாக வைத்திருந்தால் அதே இருபது மணித்தியாலத்துக்கு 11,200 பவுண் தேவை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவாகும். பணக்காரன் தனியாக வைத்திருப்பதைச் சாதாரணமானவர் பத்துப் பேரோடு வைத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறு உடனே எமக்கு ஞாபகம் வந்தது. ஒரு கிணறு வெட்டத் தனியொருவருக்கு வசதி இல்லாத இடத்தில் நாலைந்து காணிக்காரர் சேர்ந்து வெட்டினார்கள். ஆளுக்கு இத்தனை பங்கு, இன்ன நாள் இன்னாருக்கு முறை என்று வைத்துக்கொண்டார்கள். உறுதியில் கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டது. இந்நாட்டுச் சட்டத்தில் ஒரு விமானத்துக்கு இருபது பேர் வரை பங்காளிகளாக இருந்து அதைச் சொந்த விமானமாகவே ஓட்டலாம். ஒவ்வொருவருக்கும் ஆகக் குறைந்தது ஐந்து சதவீதம் இருக்க வேண்டும். பங்குக் கிணற்றால் நீதிமன்றம் ஏறிய குடும்பங்களையும் நாம் அறிவோம். “உங்களுக்குள் சண்டை வராதோ?” என்று அவரிடம் கேட்டோம். “வரும். விமானத்தைக் கழுவாமல் விட்டுப் போகிறவரால்தான் பெரும்பாலும் வரும். ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பேசித் தீர்ப்போம்” என்றார்.

இவையெல்லாம் ஓட்டப் பழகிய பின் வரும் செலவுகள். தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற ஆகக் குறைந்தது 45 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். பலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். இன்றைய விலையில் அது 12,000 முதல் 15,000 பவுண் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் விழுங்கிவிடும். அவர் அதை மூன்று வருடமாகப் பிரித்துப் பழகினார். கையில் காசு இருந்த மாதம் பாடம், இல்லாத மாதம் புத்தகம். பெருந்தொற்றுக் காலத்தில் வேலை படுத்தபோது எட்டு மாதம் பறக்கவே இல்லை. மாதப் பங்கை மட்டும் கட்டினார். உல்லாசப் பயணம் போவதில்லை, புது வாகனம் வாங்குவதில்லை. பொருளியலில் இதற்கு அமையச் செலவு என்று பெயர். ஒன்றைப் பெறுவதற்காக நாம் கைவிட்ட மற்றொன்றே அதன் உண்மையான விலை.

இதனிலும் மலிவான வழிகளும் உள. மிக இலேசான மைக்ரோலைட் விமானத்துக்கு ஆகக் குறைந்த பயிற்சி 25 மணித்தியாலம். தமது வாகனக் கொட்டிலில் பல வருடம் பாடுபட்டுத் தாமே விமானம் கட்டுபவர்களும் உளர். அவர்களுக்காக 1946இல் தொடங்கிய சங்கம் இன்றும் அவர்களுடைய வேலையைப் பரிசோதித்து வழிநடத்துகிறது. எல்லாவற்றிலும் மலிவானது இயந்திரமில்லாத கிளைடர். நிலத்தில் நிற்கும் வின்ச் என்ற இயந்திரம் நீண்ட வடத்தைச் சுருட்டி இழுக்க, ஒரு நிமிடத்துக்குள் கிளைடர் ஆயிரம் அடிக்கு மேல் ஏறிவிடும். ஓர் ஏற்றத்துக்குப் பத்துப் பதினைந்து பவுண் அளவில் அறவிடுவார்கள். அங்கே பணத்துக்குப் பதிலாக உழைப்பைக் கேட்பார்கள். வடம் இழுக்கவும், இறங்கிய கிளைடரைத் தள்ளி வரவும், நேரம் பதியவும் அங்கத்தவர்களே நிற்கவேண்டும். பத்து நிமிடம் பறக்க ஒரு முழுநாள் வயலில் நிற்க மனமுள்ளவருக்கே அது சரிவரும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஹல் நகரத்து மீன் வியாபாரி ஒருவரின் மகளான ஏமி ஜோன்சன், லண்டனில் சட்டத்தரணிகள் அலுவலகம் ஒன்றில் வேலை செய்துகொண்டே விமானக் கழகம் ஒன்றில் ஓட்டப் பழகினார். 1929இல் அனுமதிப்பத்திரம் பெற்றார். விமான இயந்திரம் திருத்தும் தகுதியையும் அதே ஆண்டு பெற்றார். 1930 மே மாதத்தில், தந்தையாரும் ஒரு கொடையாளரும் சேர்ந்து வாங்கித் தந்த பழைய விமானத்தில் தனியாக அவுஸ்திரேலியா சென்றடைந்தார். அவரைப் போன்ற சம்பளக்காரர் அக்காலத்தில் பழக முடிந்ததற்கு ஒரு காரணம், 1925 முதல் அரசாங்கம் விமானக் கழகங்களுக்கு மானியம் கொடுத்தமையாகும். அரசுக்கு அதில் தன் கணக்கு இருந்தது. 1938இல் வந்த திட்டம் அதை வெளிப்படையாகவே காட்டியது. மலிவாகப் பழகலாம், ஆனால் நாட்டுக்கு ஆபத்து வந்தால் சேவைக்கு வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஏமி ஜோன்சனும் போர்க்கால விமானச் சேவையில் இருக்கும்போதே 1941 தை மாதத்தில் தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்து இறந்தார்.

இந்தக் கதையை ஒரு புதினமாக எமது வீட்டில் இராச்சாப்பாட்டு நேரம் சொன்னோம். அதுவே எமக்கு வினையாயிற்று. பதினைந்து வயதான எமது மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, இந்த நாட்டிலை பதினாலு வயசிலையே கிளைடரைத் தனிய ஓட்டலாமாம். நான் பழகட்டோ?” என்றாள். அவள் முன்னரே விசாரித்து வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாம் உடனே சொன்னது, “எங்களுக்கு வசதி இல்லைப் பிள்ளை” என்பது. அத்துடன் நிறுத்தவில்லை. ஊரில் அம்மாவுக்கும் கணவனை இழந்த தங்கைக்கும் மாதாமாதம் அனுப்புவதையும், வீட்டுக் கடனையும், இனி வரப்போகும் பல்கலைக்கழகச் செலவையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னோம். பிள்ளை ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பாராமலே, “இஞ்சாருங்கோ, காசுதான் பிரச்சினையோ, இல்லாட்டி வேறை ஏதுமோ?” என்று கேட்டாள். எம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு அந்தக் கேள்வியை நாமே எம்மிடம் கேட்டுப் பார்த்தோம். 1990இல் எமக்குப் பன்னிரண்டு வயது. பொம்பர் வரும் இரைச்சல் கேட்டால் புத்தகங்களை எறிந்துவிட்டுப் பங்கருக்குள் ஓடுவோம். உள்ளே இருந்து இரைச்சல் கிட்ட வருகிறதா, விலகுகிறதா என்று எண்ணிக்கொண்டிருப்போம். விமானம் என்பது எமது தலைமுறைக்கு மேலே இருந்து எம்மைத் தேடுகின்ற ஒன்று. இந்நாட்டுக்கு வந்த புதிதிலும் விமானம் தாழப் பறந்தால் கால் தானாக நின்றுவிடும். ஆக, மகளிடம் நாம் சொன்ன “வசதி இல்லை” என்பது பொய்க் கணக்கு. பயத்தைச் செலவு என்ற தலைப்பின் கீழ் பதிந்திருந்தோம். பிறர் இப்படிப் பதிந்தால் அதைத் திருத்துவதற்குத்தான் எமக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பயமும் ஒரு நியாயமான காரணமே. சிறு விமானங்களும் கிளைடர்களும் விபத்துக்கு உள்ளாவதுண்டு, உயிர்ச்சேதமும் உண்டு. அந்த இழப்புக்கு எந்தப் பேரேட்டிலும் தொகை எழுத முடியாது. அதைப் பயம் என்றே சொல்லியிருந்தால் பிள்ளை அதற்கு மறுமொழி சொல்லியிருக்கலாம். பாதுகாப்பைப் பற்றிச் சேர்ந்து விசாரித்திருக்கலாம். காசு என்று சொன்னபடியால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள் காசு என்ற சொல்லைக் கேட்டவுடன் வாய் மூடப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை நாம் எமது வசதிக்குப் பயன்படுத்தினோம் என்பதே எம்மை உறுத்தியது.

இன்னொன்றும் உறுத்தியது. மூன்று வருடத்துக்கு முன் இதே மகளின் சாமத்தியச் சடங்குக்கு நாம் செலவழித்த தொகை 11,000 பவுண். அதில் 7,000 கடன். மண்டபம், மணவறை, வீடியோ, முந்நூறு பேருக்குச் சாப்பாடு. அன்றைக்கு ஒருவரும், நாம் உட்பட, “வசதி உண்டோ?” என்று கேட்கவில்லை. சில இடங்களில் பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து மண்டப வாசலில் இறக்குகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறோம். பறப்பதற்கு எம்மவரிடம் காசு இல்லை என்று யார் சொன்னது?

சடங்கை நாம் பழிக்கவில்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பின் ஒருவரை ஒருவர் காணாத உறவினர் கனடாவிலும் பாரிசிலும் இருந்து வந்து அன்று ஒரே பந்தியில் இருந்தார்கள். அந்தச் செலவின் அந்தப் பகுதிக்கு நாம் என்றும் வருந்தமாட்டோம். ஆனால் மற்றப் பகுதி யாருக்காக? பார்ப்பவருக்காக. குழாய் வேலைக்காரர் மூவாயிரம் அடி உயரத்தில் தனியே இருக்கும்போது அவரைப் பார்க்க எவரும் இல்லை. ஆறு வருடம் கணக்குப் பார்த்த எமக்கே அவர் பறப்பது தெரியாது. ஒரு பற்றுச்சீட்டுத் தவறி விழுந்தபடியால்தான் அறிந்தோம். அப்படிப்பட்ட செலவை ஊதாரித்தனம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

இனிக் கடினமான கேள்விக்கு வருவோம். ஊரில் உடன்பிறந்தவள் முட்டுப்பட்டு வாழும்போது எமது பிள்ளை இங்கே பறந்து பழகுவது அறமா? இதை நாம் பல நாள் யோசித்தோம். அந்தப் பணத்தையும் தங்கைக்கே அனுப்பலாமே என்ற எண்ணம் இலகுவில் தள்ளிவிடக்கூடியது அல்ல. ஆனால் அந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் பிள்ளையின் வீணை வகுப்பும், கோயில் தேரின் புதுப் பட்டும், எமது ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியும் அதில் தேறா. அவற்றை எல்லாம் விட்டுவிட்டு, புதிதாக வந்து கேட்ட ஒன்றை மட்டும் அந்தக் கோலால் அடிப்பது அறமாகாது. எமக்குத் தோன்றுவது இதுதான். கடமை கணக்கின் முதல் வரியில் இருக்க வேண்டும், அந்த வரி குறையக்கூடாது. அது நிறைவேறியபின் மிஞ்சுவதை ஒரு குடும்பம் எதில் சந்தோஷமாகச் செலவிடுகிறது என்பதற்கு ஊர் அறியக் காரணம் காட்ட வேண்டியதில்லை. பிறருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த வகையில் சிறு விமானங்களுக்கும் குறை உண்டு. பெரும்பாலானவற்றின் பெற்றோலில் இன்னும் ஈயம் கலந்திருக்கிறது. விமானத்தளத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இரைச்சல் தொல்லை. குழாய் வேலைக்காரரே இதை ஒப்புக்கொள்கிறார்.

மறு சனிக்கிழமை நாம் மூவரும் மேசையில் இருந்து வீட்டுக் கணக்கைத் தாளில் எழுதினோம். முதல் வரியில் அம்மாவும் தங்கையும். அந்தத் தொகையில் கை வைக்கவில்லை. மகள் தனது பிறந்தநாள் காசையும், கடையில் கிழமைக்கு நாலு மணித்தியாலம் வேலை செய்து வருவதையும் போடுவதாகச் சொன்னாள். நாம் தொலைக்காட்சிச் சந்தா ஒன்றை நிறுத்தினோம். மாதம் இருமுறை கழகத்துக்குப் போகக் கணக்குச் சரிவந்தது. பிறகு எமது பயத்தையும் முதற்தடவையாக அவளிடம் சொன்னோம். பங்கருக்குள் இருந்த கதையை அதுவரை அவள் எம் வாயால் கேட்டதில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “அப்ப நீங்களும் வாங்கோ அப்பா, நிலத்திலை நிண்டு பாருங்கோ” என்றாள்.

வயது குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையொப்பம் தேவை. அந்தப் படிவம் நான்கு நாள் எமது மேசையில் கிடந்தது. பிறகு கையொப்பமிட்டோம்.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்த வயலில் நின்றோம். வின்ச் இயந்திரம் தூரத்தில் உறுமியது. வடம் இறுகியது. முன் இருக்கையில் மகளும் பின் இருக்கையில் பயிற்றுநரும் இருந்த கிளைடர் செங்குத்தாக எழுந்தது. மேலே வடம் கழன்றதும் ஒரு சத்தமும் இல்லை. தலைக்கு நேர் மேலே ஒரு விமானம் வட்டமிடுகிறது, ஆனால் இரைச்சல் இல்லை. எமது வாழ்க்கையில் அப்படி ஒன்றை நாம் அதுவரை கண்டதில்லை. கால் நடுங்கியது உண்மை. ஆனால் ஓடவில்லை. ஆறு நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். நேரம் பதிபவர் ஏட்டில் பிள்ளையின் பெயரையும் ஆறு நிமிடத்தையும் எழுதினார். பின்னேரம் ஐந்து மணி வரை அவள் மற்றவர்களின் கிளைடர்களைத் தள்ளிக்கொண்டு திரிந்தாள்.

பயம் இன்னும் போகவில்லை. அவள் தனியே ஓட்டப்போகும் நாளை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. ஆனால் அதை இனிச் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. அன்பர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அடுத்த முறை “வசதி இல்லை” என்று சொல்ல முன், அது காசுதானா என்று ஒருமுறை தங்களையே கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம். உண்மையிலேயே காசுதான் என்றால், பங்குக் கிணறு வெட்டிய ஊரார் நாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம். எமது கருத்தில் பிழை உண்டெனக் காண்பவர்கள் அடுத்த இதழில் எழுதினால் நன்றியுடன் வாசிப்போம்.